இரண்டாவது மிஸ்டு கால்

கைப்பைக்குள் போன் ஒரு முறை அடித்து நின்றது. நான் எடுத்துப் பார்க்கவில்லை. மிஸ்டு கால் கொடுத்தவள் இருபதடி தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

சரோஜாதான். தோளில் நாங்கள் கொடுத்த நீலப் பை. பைக்குள் பஞ்சு, கட்டுத்துணி, புண் கழுவும் மருந்துத் தண்ணீர். ரயில் பாதையோரம் தெரு முடிகிற இடத்தில் தனியாக ஒரு ஓட்டு வீடு. கதவு பாதி சாத்தியிருந்தது. அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வாசற்படிக்கு இந்தப் பக்கம் மொட்டை வெயிலில் நின்றபடியே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“தாத்தா, மாத்தர போட்டீங்களா?”

உள்ளேயிருந்து “ம்ம்” என்று ஒரு சத்தம் வந்தது.

அவ்வளவுதான். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பி நடந்தாள். நான்கு அடி வைத்த பிறகுதான், மொபெட்டில் உட்கார்ந்தபடி ஒரு காலை ஊன்றி நின்றிருந்த என்னைப் பார்த்தாள்.

எங்கள் ஏற்பாடு இதுதான். பார்த்துக்கொள்ளும் முதியவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால். அங்கிருந்து கிளம்பும்போது இன்னொன்று. இரண்டும் வந்துவிட்டால் என் நோட்டில் அந்தப் பெயருக்கு நேராக ஒரு டிக். சரோஜாவிடமிருந்து ஆறு நாளாக இரண்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. ஆறு டிக்கும் போட்டிருந்தேன். இன்று முதலாவது நான் தெருமுனை திரும்பும்போதே வந்தது, இப்போது என் கண் முன்னால் இரண்டாவதும் வந்துவிட்டது. ஆனால் அவள் அந்த வீட்டுக்குள் காலே வைக்கவில்லை.

பதினொரு பேர்

அப்போது நான் மொரப்பூரில் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டார ஊர்களில் படுக்கையில் கிடக்கிற, எழுந்து நடக்க முடியாத முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளப் பதினொரு பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் அந்தந்த ஊர்க்காரர்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, முதுகைத் திருப்பிப் படுக்க வைப்பது, மூத்திரப் பை மாற்றுவது, நகம் வெட்டுவது என்று எல்லாம் செய்வார்கள். ஊரில் ‘கட்டுப் போடற பொண்ணு’ என்றால் தெரியும். அந்தப் பதினொரு பேரையும் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கு முன்னால் நர்ஸாக இருந்தவள் நான்.

கொரோனா ஊரடங்கில் பஸ் நின்று, ரயில் நின்று, நான் வீட்டுக்குள் கூண்டுக் கோழி மாதிரி சுற்றிக்கொண்டிருந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, ‘உங்களுக்கு உட்காரவே தெரியாதா?’ என்று கேட்டிருக்கிறார். தெரியாது. இன்றைக்கும் தெரியாது. உட்கார்ந்தால் காலில் எறும்பு ஊறுவது போல இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிறவர். கடையைச் சாத்திவிட்டு வீட்டில் இருந்தார். “ஒரு வாய் காப்பிய உக்காந்து குடி. காலு வலிக்காதா?” என்பார். நான் நின்றுகொண்டே குடித்து, நடந்துகொண்டே டம்ளரைக் கழுவுவேன்.

நோய்க்காலத்துக்கு முன்பு மாதம் ஒரு சனிக்கிழமை பதினொரு பேரும் மொரப்பூர் வருவார்கள். பேருக்கு அது பயிற்சி வகுப்பு. அரை மணி நேரம் நான் பேசுவேன். மீதி நேரமெல்லாம் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டபடி அவர்கள் பேசுவார்கள். எந்தக் கிழவர் கையைக் கடித்தார், எந்த மருமகள் கதவைத் திறக்க மாட்டேன் என்றாள், எந்தக் கிழவி செத்துப்போன பிறகும் காலையில் கால் தானாக அந்த வீட்டுப் பக்கம் போகிறது என்றெல்லாம் சொல்லுவார்கள், சிரிப்பார்கள், ஒருத்தி அழுவாள், இன்னொருத்தி அவள் டப்பாவில் இருக்கிற முட்டையை எடுத்துத் தின்பாள். வகுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வகுப்பே இல்லை. அந்தச் சோற்றுக் கூட்டம்தான் அவர்களை அடுத்த மாதம் வரை ஓட வைத்தது. இது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

ஊரடங்கில் அதுவும் நின்றது. எல்லாரும் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடமாட்டேன் என்கிறார்கள் அக்கா. நோயாளியைத் தொட்டுவிட்டு வருகிறாயே, குழந்தையைத் தொடாதே என்கிறார் மாமியார். கையுறை தீர்ந்துவிட்டது. போலீஸ்காரர் பாஸைக் காட்டியும் திட்டுகிறார். பயமாக இருக்கிறது அக்கா.

ஆளுக்கு அரை மணி நேரம். கையுறைக்கு யாரைப் பிடிப்பது, மாத்திரையை எந்தப் பால் வண்டியில் ஏற்றி அனுப்புவது என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். அவர்கள் அழுகையைக் கேட்டால் எனக்குத் திரும்பச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு வாரம் பார்த்தேன். பிறகு ஒரு நாள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். ‘இனிமே பேச வேணாம். போனதும் ஒரு மிஸ்டு கால், கெளம்பும்போது ஒரு மிஸ்டு கால். அது போதும்.’

அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கமாக இருந்தாலும் அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேஸ்திரி

அந்த ஓட்டு வீட்டில் இருந்தவர் மாதையன். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கூட்டத்துக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். மனைவி இல்லை. ஒரே மகன் பெங்களூரில் மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துத் தெரு இந்திராணி வேளாவேளைக்குச் சோற்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எடுத்துக்கொள்வார்.

சர்க்கரை வியாதி. இரண்டு பாதமும் மரத்துப்போனவை. வலது காலில் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. தினமும் கழுவிக் கட்டுப் போட வேண்டும். மரத்த காலில் உள்ள கொடுமை என்னவென்றால், அழுகினாலும் வலிக்காது. ஆள் கத்த மாட்டார். ஒருவர் குனிந்து பார்த்தால்தான் உண்டு.

அன்று காலை மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான்.

“சிஸ்டர், அப்பா பேச்சே ஒரு மாதிரியா இருக்குதுங்க. நான் நடந்தாவது வந்தர்றேன்னு சொன்னா, நீ வராத, எனக்கு வந்துருச்சுங்கறார். என்னா வந்துச்சுன்னு கேட்டா போன வெச்சிர்றார்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எங்க பொண்ணு தெனமும் போயிட்டுதாங்க இருக்குது. நோட்டுல டிக் இருக்குது. வேணும்னா போட்டோ எடுத்து அனுப்பட்டுங்களா?” என்றேன்.

அந்தப் பையனின் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் மொபெட்டை எடுத்தேன். மேஸ்திரியின் காலைப் பார்க்க இல்லை.

வாசலுக்கு வெளியே

“பையத் தொற,” என்றேன் சரோஜாவிடம்.

திறந்து காட்டினாள். பஞ்சு பிரிக்காமல் இருந்தது. மருந்துப் பாட்டிலின் மூடியில் சீல் அப்படியே இருந்தது.

“கட்டு மாத்தி எத்தன நாளாச்சு?”

“ஆறு நாளுங்க்கா.”

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்பதை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆறு நாளாக என்னை ஏமாற்றினாயா, இதற்குப் பதில் வீட்டிலேயே படுத்துக் கிடக்கலாமே என்பதுதான் அதில் கொஞ்சம் நாகரிகமான பகுதி. தெருக்கோடியில் ஒரு ஜன்னல் திறந்து மூடியது.

சரோஜா அழவில்லை. கையை நீட்டிக் கதவு நிலையைக் காட்டினாள். நிலையின் மேல் சணல் கயிற்றில் ஒரு கொத்து வேப்பிலை தொங்கியது. காய்ந்து சுருண்டிருந்தது.

“அம்மா வந்திருக்கற வூட்டுக்குள்ள எப்பிடிக்கா போறது?” என்றாள், குரலைத் தாழ்த்தி.

ஒரு கொத்து வேப்பிலை

எங்கள் பக்கத்தில் வாசலில் தனியாக வேப்பிலைக் கொத்துத் தொங்கினால் உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கு ஏழெட்டு வயதில் தம்பிக்கு அம்மை போட்டது. வீட்டில் தாளிக்கவில்லை. எண்ணெய் வாசனையே கிடையாது. பால்காரர் வாசலோடு ஊற்றிவிட்டுப் போனார். அத்தை வந்தாள், வேப்பிலையைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாள். அந்த வீட்டுக்கு வந்தவர்கள் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அம்மையும் கூடவே வந்துவிடும் என்பார்கள். என்ன, ஏது, எத்தனை நாள் என்று வாசலில் நின்று விசாரிக்கவும் கூடாது. அம்மை இறங்கி, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும் வரை எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். விரட்டுவதாக யாரும் நினைக்க மாட்டார்கள். அதுதான் மரியாதை.

சரோஜா போய் வருகிறேன் என்று சொல்லாமல் திரும்பியது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கூடவே வேறொன்றும் ஞாபகம் வந்தது.

ஒரு வாரத்துக்கு முன்னால் இந்திராணி எனக்குப் போன் செய்திருந்தாள். “சிஸ்டர், வேப்பில கட்னா கொரோனா அண்டாதுங்கறாங்க. மேஸ்திரி வயசானவரு, ஒண்டியா கெடக்கறாரு. அவுரு வாசல்ல ஒரு கொத்து கட்டி வுடட்டுங்களா?” அப்போது நான் ஒரு கையில் கையுறை டப்பாக்களோடு மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். “கட்டிக்கங்க, கட்டிக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதைச் சரோஜாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளோடு பேசுவதைத்தான் நிறுத்திவிட்டேனே.

“இது அம்மைக்குக் கட்னதில்ல சரோஜா. கொரோனாவுக்கு இந்திராணி கட்டுனது. நான்தான் கட்டிக்கங்கன்னு சொன்னேன்.”

அவள் என்னையே பார்த்தாள். மாஸ்குக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அது போதுமாக இருந்தது.

“மொத நாளு வேற நான் வூட்டுக்குத் தூரம். அந்த நேரத்துல அம்மா இருக்கற வூட்டுப் படிய மிதிக்கலாமாக்கா? ரெண்டாம் நாளு உங்களக் கேக்கலாம்னுதான் போன் பண்ணேன். மிஸ்டு காலு இல்ல. கட் பண்ணாம அடிச்சிட்டே இருந்தேன். நீங்கதான் கட் பண்ணீங்க.”

உண்மைதான். அன்றைக்கு ஒரு போன் நிற்காமல் அடித்தது. கட் பண்ண மறந்துவிட்டாள் போலிருக்கிறது, சொன்னதைச் செய்யத் தெரியவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு நானே கட் பண்ணினேன். உடனே அந்த நாளுக்கு டிக்கும் போட்டேன்.

“மூணாம் நாளு என்ன ஆனாலும் ஆவட்டும்னு படியில கால வெச்சேன். தாத்தாவே உள்ளாற இருந்து வராத, வராதன்னு கத்துனாரு. ஏமாத்துனேங்கறீங்களே, வந்தேன், கெளம்புனேன். ரெண்டுக்கும் மிஸ்டு காலு குடுத்தேன். உள்ள போனியான்னு நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா?”

வேப்பிலைக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். சருகு என் தலையில் கொட்டியது. உள்ளே போனேன்.

உள்ளே

வாடைதான் முதலில் வந்து அறைந்தது.

மேஸ்திரி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“எட்டப் போ கண்ணு. எனக்கு வந்துருச்சு.”

“யார் சொன்னாங்க?”

“யாரு சொல்லோணும்? கதவுல வேப்பில கட்டிட்டாங்க. தெனம் உள்ளாற வர்ற பொண்ணு வெளிய நின்னு பேசுது. சோத்த வாசல்ல வெச்சிட்டுப் போறாங்க. எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணுக்குச் சின்னக் கொழந்த இருக்குது. அதான் வராதன்னு கத்துனேன்.”

அவருக்கு அம்மை என்று இவள் வெளியே நின்றாள். இவள் வெளியே நிற்பதைப் பார்த்துத் தனக்குக் கொரோனா என்று அவர் உள்ளே கிடந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கொத்து வேப்பிலை. அதைக் கட்டச் சொன்ன நான் மொரப்பூரில் உட்கார்ந்து டிக் போட்டேன். தப்பு, அப்போதும் நான் உட்காரவில்லை.

பழைய கட்டைப் பிரித்தேன். இருபது வருடம் நர்ஸாக இருந்தவள். எதைப் பார்த்தும் முகம் சுளிக்காதவள் என்று எனக்கொரு பெருமை உண்டு. அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுண்டு விரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. நடுவில் புழு நெளிந்தது.

“வலிக்குதுங்களா?”

“எங்க வலிக்குது? நல்லாதான் இருக்குது,” என்றார்.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. சரோஜா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தாள். கையுறையை மாட்டினாள். தண்ணீர்ப் பேசினை எடுத்து வைத்தாள். என் கையிலிருந்த இடுக்கியை வாங்கிக்கொண்டு, என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். அவள் கை நடுங்கவே இல்லை.

ஆம்புலன்ஸ் வந்து மேஸ்திரியைத் தருமபுரிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. வண்டி தெருமுனை திரும்பியதும் சரோஜா நீலப் பையைக் கழற்றி என் மொபெட்டின் முன்னால் வைத்தாள்.

“நாளையிலருந்து நான் வரலீங்க்கா.”

“சரோஜா...”

“தண்ணி புடிக்க வுட மாட்டேங்கறாங்க. கொழந்தயத் தொட வுட மாட்டேங்கறாங்க. எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். நீங்க இருக்கீங்கன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. இப்ப அது இல்ல.”

இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தேன்.

போனை எடுப்பது

மேஸ்திரிக்கு இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தினமும் கட்டு மாற்ற வேண்டும், ஒரு நாள் விட்டாலும் அடுத்தது பாதம் போய்விடும். நான் தினமும் போகலாம்தான். ஆனால் என்னிடம் மேஸ்திரி மாதிரி இன்னும் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மற்ற ஊர்ப் பெண்கள் அங்கே வருவதற்குப் பஸ் இல்லை. சரோஜாவை விட்டால் ஆள் கிடையாது.

அவளுக்குத் தினமும் போன் செய்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்கே போனேன். மாமியார் வாசலில் நின்று, “அவ தூங்கறா” என்றார். பத்தரை மணிக்கு யார் தூங்குவார்கள்? தெரு முனையில் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்டுக் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். கேட்டாளா என்று தெரியவில்லை.

அதற்குள் மற்ற பத்துப் பேர் விஷயத்தில் ஒரு முடிவு எடுத்திருந்தேன். மிஸ்டு கால் வந்தால், அது நிற்பதற்குள் எடுத்துவிடுவது. முதல் நாள் எடுத்ததும் இண்டூர்ப் பக்கத்துப் பெண் பதறிப்போனாள்.

“ஐயையோ, எடுத்துட்டீங்களேக்கா! என்னாச்சுக்கா? யாராச்சும் செத்துட்டாங்களா?”

“யாரும் சாகல. சாப்ட்டியா?”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவளோடு நாற்பது நிமிடம் பேசினேன். பேசினேன் என்று சொல்லக்கூடாது. கேட்டேன். அவள் சொன்ன எதற்கும் என்னிடம் மருந்து இல்லை. “ஆமா”, “அப்பறம்”, “அடப்பாவிங்களா” என்பதைத் தவிர நான் ஒன்றும் சொல்லவில்லை. வைக்கும்போது, “செரிக்கா, நான் போயி ஆயாவத் திருப்பிப் படுக்க வெக்கறேன்” என்றாள். குரல் தெளிந்திருந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இதற்கா ஒளிந்துகொண்டேன்?

மேஸ்திரி வீடு திரும்பிய முதல் நாள் நானே போய்க் கட்டு மாற்றினேன். இரண்டாம் நாளும் நான்தான் போனேன். கூட்ஸ் வண்டி ஒன்று கடகடவென்று போனது. “அம்பது பொட்டிக்கு மேல இருக்கும். காலியா போவுது” என்றார், தலையைத் தூக்காமலே. பிறகு, “அந்தப் பொண்ணு வராதா?” என்றார். “வரும்” என்றேன். பொய் சொல்லும்போது குனிந்து கட்டைப் பார்த்துக்கொள்வது நர்ஸுகளுக்குக் கைவந்த கலை. கிளம்பும்போது நீலப் பையை அவர் கட்டிலருகே வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி. பொம்மிடிப் பக்கம் ஒரு வீட்டில் மூத்திரப் பை அடைத்துக்கொண்டது என்று செய்தி. இந்தப் பக்கம் மேஸ்திரி. முதலில் எங்கே போவது என்று தெரியாமல் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் காப்பியை நீட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

போன் அடித்தது. சரோஜாவின் பெயர்.

கை தானாக நோட்டின் பக்கம் போனது. பழக்கம். ஒரு முறை அடித்தது. நிற்கும் என்று பார்த்தேன். இரண்டாவது முறையும் அடித்தது. மூன்றாவது முறையும். அவள் கட் பண்ணவில்லை.

எடுத்தேன். பின்னணியில் தண்ணீர் ஊற்றும் சத்தமும், மேஸ்திரி எதையோ சொல்லிச் சிரிக்கும் சத்தமும் கேட்டன.

“சரோஜா?”

“அக்கா, நீங்க அனுப்புனதக் கேட்டேன். நான் உள்ளாறதான் இருக்கேன்,” என்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் காப்பி டம்ளரை இன்னும் நீட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொண்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, “சொல்லு” என்றேன்.